வெளுத்துப்போன இரவு: ஒளி மாசை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஒளி மாசு, அதாவது தேவையற்ற செயற்கை வெளிச்சம் இரவைக் கெடுப்பது, என்றதும் நகரம், அரசு, சட்டம் என்று கைக்கு எட்டாத ஏதோ ஒன்றாகத்தான் பலருக்கும் தோன்றுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அது பெரும்பாலும் ஒரு விளக்கு. தப்பான பக்கம் திரும்பியிருக்கும், அல்லது மூடி இருக்காது, அல்லது தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும், அல்லது ஆளே இல்லாத நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும். இந்த மாதிரி விளக்குகள் கோடிக்கணக்கில் சேர்ந்துதான் வானம் வெளுத்துப்போனது. அதனால் பழுது பார்ப்பதையும் விளக்கு விளக்காகச் செய்யலாம். கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போங்கள்.

தொடங்கும் முன்

நிலா இல்லாத, மேகம் இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். கையில் ஓர் அட்டைத் துண்டு, ஒரு பழைய சி.டி., ஒரு நோட்டு போதும். வெளியே வந்து கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு நேராகத் தெரியும் விளக்குகளை எல்லாம் எழுதுங்கள். வெளிச்சம் விழும் தரையைச் சொல்லவில்லை, எரியும் பல்பையே சொல்கிறேன். ஒரு விளக்கு எந்த இடத்துக்காக வைக்கப்பட்டதோ அதைத் தாண்டி வெகுதூரத்தில் நிற்பவருக்கும் அதன் பல்பு தெரிகிறது என்றால், அதில் கோளாறு இருக்கிறது. இந்த ஒரு பார்வையிலேயே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

எந்தக் கோளாறானாலும் சரிசெய்யும் வரிசை ஒன்றுதான்: தேவையா என்று கேட்டு அணைப்பது, கீழ்நோக்கித் திருப்புவது, மூடி போடுவது, பிரகாசத்தைக் குறைப்பது, நிறத்தை மாற்றுவது. முதல் இரண்டுக்குச் செலவே கிடையாது. ஆனால் பலரும் கடைசியிலிருந்து தொடங்கி, புதுப் பல்பு வாங்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. விளக்கைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். எல்.இ.டி. விளக்கின் முதுகில் இருக்கும் உலோக வரிகள் சூடு வெளியேறுவதற்காக உள்ளவை. அவற்றின் மேல் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றினால் விளக்கு கெடும், தீப்பிடிக்கவும் கூடும். மறைப்பு எப்போதும் விளக்கின் முகப்புப் பக்கம், சற்று இடைவெளி விட்டு, உலோகத் தகட்டில் இருக்கட்டும்.

அறிகுறி: நட்சத்திரங்கள் தெரியவில்லை

நல்ல இருட்டான இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்க்க முடியும். பெருநகரத்தின் நடுவே சில பத்துகள் தெரிந்தால் அதிகம். உங்கள் வானம் எந்த அளவுக்கு வெளுத்திருக்கிறது என்று அறிய, சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும் மாதங்களில் அதைப் பாருங்கள். ஏழில் மிக மங்கலானது நான்காவதான அத்திரி, கிண்ணமும் வாலும் சேரும் இடத்தில் இருப்பது. மற்ற ஆறும் தெரிந்து அது மட்டும் தெரியவில்லை என்றால் வானம் மோசமாக வெளுத்திருக்கிறது. அத்திரி தெரிகிறது, ஆனால் வாலின் நடுவில் இருக்கும் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி இல்லை என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே பாருங்கள்.

அடுத்து, காரணத்தைப் பிரிக்க வேண்டும். அருகில் எரியும் விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு சில நிமிடம் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் கூடினால் குற்றவாளி அந்த விளக்குதான். கண் கூச்சம் பற்றிய பகுதிக்குப் போகலாம். கூடவில்லை என்றால் அடிவானத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் கவிழ்த்த கிண்ணம் போல வெளிச்சம் எழும்பி நின்றால், அந்தப் பக்கம் ஊரோ விளையாட்டுத் திடலோ தொழிற்சாலையோ இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சாம்பலாக இருந்தால் நீங்கள் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள்.

மேகம் உள்ள இரவில் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மேகம் வானத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறதா, கறுப்பாகத் தெரிகிறதா? விளக்குகள் நிறைந்த இடத்தில் மேகம் கீழிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பி வெளுத்து நிற்கும். இருட்டு கெடாத இடத்தில் அது நட்சத்திரங்களை மறைக்கும் கரிய ஓட்டையாகத்தான் தெரியும். கறுப்பு மேகத்தைப் பார்த்தே இராதவர்கள் இன்று ஏராளம்.

இது ஏன் நடக்கிறது என்றால், மேலே போகும் ஒளி காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறித் திரும்ப வருகிறது. நேர் மேலே போகும் ஒளியைவிட, கிடைமட்டத்துக்குச் சற்று மேலே சாய்ந்து போகும் ஒளி காற்றில் அதிக தூரம் பயணிப்பதால் அதிகக் கெடுதல் செய்கிறது. சுவரில் 45 பாகை சாய்த்து மாட்டிய ஃபோகஸ் லைட்டுகள் செய்வது இதைத்தான். அப்புறம் நீல ஒளி. காற்று மூலக்கூறுகளில் ஒளி சிதறும் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழாக மாறும். 450 நானோமீட்டர் நீலம் 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கும் மேல் சிதறுகிறது. பகல் வானத்தை நீலமாக்கும் அதே விதி, வெள்ளை எல்.இ.டி. பெருகிய இடங்களில் இரவு வானத்தை வெளுக்கச் செய்கிறது.

இது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. வானத்தின் வெளுப்பு சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடிவருகிறது என்றது அது. 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது அதே இடத்தில் சுமார் 100 தான் தெரியும். செயற்கைக்கோள் அளவீடுகள் இதைவிடக் குறைவாகவே காட்டிவந்தன. நீல ஒளி அவற்றின் கருவிகளுக்குச் சரியாகத் தெரியாததும், பக்கவாட்டில் போகும் ஒளியை அவை தவறவிடுவதும் அதற்கான காரணங்களில் சில.

சரிசெய்ய: உங்கள் வெளி விளக்குகளின் முகப்புக் கண்ணாடி தரைக்கு இணையாக, நேர் கீழ்நோக்கி இருக்க வேண்டும். குமிழ் போலத் துருத்திய கண்ணாடி, நான்கு பக்கமும் ஒளிரும் உருண்டை விளக்கு, மரத்தையோ சுவரையோ கீழிருந்து மேலே காட்டும் அலங்கார விளக்கு ஆகிய மூன்றும் முதலில் போக வேண்டியவை. தெருவிளக்கை மட்டும் குறை சொல்லி நின்றுவிடாதீர்கள். 2019-இல் அமெரிக்காவின் டூசான் நகரம் சில இரவுகளுக்குத் தன் தெருவிளக்குகளின் பிரகாசத்தை மாற்றிப் பார்த்தது. செயற்கைக்கோளுக்குத் தெரிந்த மொத்த ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். மற்றது விளம்பரப் பலகைகள், வண்டி நிறுத்துமிடங்கள், கட்டட முகப்புகள், திடல்கள், ஜன்னல்கள் ஆகியவற்றிலிருந்து வந்தது.

அறிகுறி: வெளி வெளிச்சம் படுக்கையறைக்குள் வந்து தூக்கம் கெடுகிறது

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் தலையணையில் படுத்தபடி பாருங்கள். நேராகப் பல்பு தெரிகிறதா, சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் மட்டும் வருகிறதா? தலையணை உயரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு யாரிடமாவது பேசும்போது உதவும்.

உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், இதைச் சின்ன விஷயம் என்று விட மாட்டீர்கள். விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் அருகே உள்ள நீல ஒளிதான் அவற்றை அதிகம் தூண்டும். அவை தூண்டப்பட்டால், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைகிறது, உடலின் கடிகாரம் தள்ளிப்போகிறது. தூங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில், நீலத்துக்கு எடை கொடுத்து அளக்கும் கணக்கில் வெளிச்சம் 10 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), தூங்கும்போது 1 லக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று 2022-இல் இத்துறை அறிஞர்கள் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். முழுநிலா தருவதே அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவுதான். அதே ஆண்டில் வெளியான இன்னொரு சோதனையில், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இரவில் இதயத் துடிப்பு கூடியிருந்தது, மறுநாள் காலை இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பது குறைந்திருந்தது. கண் மூடியிருந்தும்தான் இது.

பல்பு நேராகத் தெரிந்தால் திரையில் தொடங்காதீர்கள், விளக்கில் தொடங்குங்கள். உங்களுடையது என்றால் இன்றே திருப்பலாம். வேறு ஒருவருடையது என்றால் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அதுவரைக்கும் கனமான திரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒளி பெரும்பாலும் திரையின் மேல் இடுக்கு வழியாகக் கூரையில் பட்டு இறங்கும். திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் ஏற்றி, இரு பக்கமும் கொஞ்சம் நீட்டி மாட்டினால் வித்தியாசம் தெரியும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்க வேண்டியவர்களுக்குத் திரை ஒரு தீர்வே இல்லை. விளக்கைத்தான் சரிசெய்தாக வேண்டும்.

அறைக்குள்ளும் பாருங்கள். சார்ஜர், மோடம், டி.வி. ஆகியவற்றில் எரியும் சிறு நீலப் புள்ளிகள் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். இரவில் எழுந்து நடக்க விளக்கு வேண்டும் என்றால் முழங்காலுக்குக் கீழே, மங்கலான ஆரஞ்சு நிறத்தில் வையுங்கள்.

அறிகுறி: வெளிச்சம் நிறைய இருக்கிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை

கண் கூச்சம். விளக்கு நிற்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள். கையை நீட்டி, பல்பை மட்டும் உள்ளங்கையால் மறையுங்கள். மறைத்ததும் விளக்குக்குப் பின்னால் இருக்கும் மூலை, படி, மரத்தடி எல்லாம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தால், அந்த விளக்கு உங்களைக் குருடாக்கிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புக்கு என்று மாட்டிய ஃபோகஸ் லைட்டில் இதைச் செய்து பாருங்கள். அந்த நிழலுக்குள் ஒருவர் நின்றாலும் நமக்குத் தெரியாது.

பிரகாசமான புள்ளியின் ஒளி கண்ணுக்குள் சிதறி, பார்வை முழுவதும் ஒரு வெளிறிய திரை போல விரிகிறது. வயதானவர்களின் கண் வில்லையில் இந்தச் சிதறல் இன்னும் அதிகம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சோதனையை அவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

தீர்வு எளிது: திருப்பு, மூடு, குறை. மிகப் பிரகாசமான ஒரு விளக்குக்குப் பதில் மங்கலான இரண்டு மூன்று விளக்குகளை, பல்பு கண்ணில் படாதபடி வைத்தால், குறைந்த ஒளியிலேயே அதிகம் தெரியும். படிக்கட்டு, திருப்பம், சாலையைக் கடக்கும் இடம் போன்றவற்றுக்கு விளக்கு கட்டாயம் வேண்டும். இருட்டைக் காப்பது என்பதற்காக யாரையும் தடுக்கி விழவைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கின்றன

இரவில் பறக்கும் பூச்சிகள் மேல் வானத்தைப் பார்த்து முதுகைத் திருப்பிச் சமநிலை பிடிக்கின்றன. இரவின் எந்த நேரத்திலும் வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சம் என்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது தவறாமல் வேலை செய்தது. பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும் பூச்சி அதன் பக்கம் முதுகைத் திருப்புகிறது. அதனால் வளைந்து வளைந்து அங்கேயே சுற்றி மாட்டிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் பிடித்து இதைக் காட்டிய ஆய்வு 2024-இல் வந்தது. விளக்கின் மேல் ஆசைப்பட்டு வருகிறது என்று நாம் நினைத்த விட்டில், வெளியேற வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு என்னால் ஒரு வெளி விளக்கைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

மொய்ப்பவற்றோடு விஷயம் முடிவதில்லை, வராமல் போனவையும் உண்டு. இருட்டான புல்வெளிகளில் விளக்கு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், இரவுப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது. மின்மினிகளுக்கு இன்னொரு சிக்கல். துணைக்கு அவை அனுப்பும் ஒளிச் சைகை நம் வெளிச்சத்தில் அமுங்கிவிடுகிறது.

பூச்சி கொல்லும் நீல விளக்கு வாங்கி மாட்டுவது தீர்வே அல்ல. அது தொல்லை தராத பூச்சிகளையும் இழுத்து வந்து கொல்கிறது. முதலில் நேரத்தைக் குறையுங்கள். பிறகு ஒளி கீழே மட்டும் விழும்படி செய்யுங்கள். அதன் பிறகு ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். பெரும்பாலான பூச்சிகள் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும்தான் அதிகம் வசப்படும் என்பதால் மொய்ப்பது குறையும். ஒரேயடியாக நிற்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பறவைகள் கண்ணாடியில் மோதுகின்றன, நடு இரவில் கூவுகின்றன

வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பயணிக்கின்றன. நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று வானை நோக்கி ஏற்றப்படும் நினைவு ஒளித்தூண்களை ஏழு இரவுகளில், ஏழு வெவ்வேறு ஆண்டுகளில் கவனித்தபோது, சுமார் 11 லட்சம் பறவைகளின் பறத்தல் அதனால் குழம்பியது தெரிந்தது. ஒளியை அணைத்ததும் அவை சில நிமிடங்களில் கலைந்து தம் வழியே போயின. பறவைகள் அதிகம் சிக்கும்போது சுமார் 20 நிமிடம் அணைப்பது அங்கே வழக்கமாயிற்று. உயரமான கட்டடங்களில் வலசைப் பருவத்தில் இரவு பத்து பதினொரு மணிக்கு மேல் முகப்பு விளக்குகளையும் ஆளில்லாத மாடி விளக்குகளையும் அணைப்பதே முதல் வேலை.

கடற்கரை என்றால் ஆமைக் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் அவை தாழ்வான பிரகாசமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். கரையில் விளக்கு இருந்தால் எதிர்ப்பக்கம், சாலைக்குப் போய்ச் சாகின்றன. முட்டையிடும் பருவத்தில் கடலிலிருந்து தெரியும் எந்தப் பல்பும் எரியக் கூடாது. தவிர்க்கவே முடியாத இடத்தில் தாழ்வான, மூடியுள்ள, சிவப்பு அல்லது ஆம்பர் விளக்கு.

அறிகுறி: விளக்கடியில் இருக்கும் செடி பூக்கவில்லை, மரம் இலை உதிர்க்கவில்லை

செடிகள் இரவின் நீளத்தை அளந்துதான் பருவத்தை அறிகின்றன. செவ்வந்தி, சோயா போன்றவற்றுக்கு நீண்ட, இடைவெளி இல்லாத இருட்டு வேண்டும். நடுவில் வெளிச்சம் பட்டால் பூப்பது தள்ளிப்போகும். உரத்தை மாற்றும் முன், அந்தச் செடி மேல் விழும் விளக்கை இரண்டு மூன்று வாரம் மறைத்துப் பாருங்கள்.

அறிகுறி: எல்.இ.டி.க்கு மாறிய பிறகு மோசமாகிவிட்டது

வாட்டைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். பழைய 60 வாட் இழைப் பல்பு சுமார் 800 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) தரும், அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். மின்சாரம் மிச்சம்தானே என்று 50 வாட் மாட்டினால் முன்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வெளிச்சம். இனி அட்டைப்பெட்டியில் லூமனைப் பாருங்கள்.

அடுத்தது ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண். மெழுகுவத்தி சுமார் 1900, பழைய இழைப் பல்பு சுமார் 2700, பால் வெள்ளை எல்.இ.டி. 6500. எண் ஏற ஏற நீலம் கூடும். வெளி விளக்குகள் 3000-க்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் சொன்னது. 2200 கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டி தொலைந்துபோனால் சி.டி.யை எடுத்து, விளக்கு அதில் பட்டுத் தெறிக்கும் நிறப்பட்டையைப் பாருங்கள். நீலம் பளிச்சென்று தனியாக நின்றால் அது வெளியே மாட்ட வேண்டிய பல்பு அல்ல.

அறிகுறி: சென்சார் விளக்கு சும்மா சும்மா எரிகிறது

ஆள் நடமாட்ட சென்சார் வெப்பத்தின் அசைவைத்தான் பார்க்கிறது. ஏ.சி.யின் வெளி யூனிட் தள்ளும் சூடான காற்று, வெயிலில் காய்ந்த கிளைகளின் ஆட்டம், சாலையில் போகும் வண்டி எல்லாம் அதற்கு ஆள்தான். சென்சார் முகத்தைக் கீழே சாய்த்து, சாலையைப் பார்க்கும் பக்கத்தை டேப்பால் மறையுங்கள். பல மாடல்களில் அடியில் சிறு திருகுகள் இருக்கும்: ஒன்று உணர்திறன், ஒன்று எரியும் நேரம், ஒன்று எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது. நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள்.

அந்தி வந்ததும் தானே எரியும் விளக்கு, எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தால், அதன் ஒளியே எதிர்ச்சுவரில் பட்டு அதன் சென்சாருக்குத் திரும்புகிறது. சென்சாரை வேறு பக்கம் திருப்பினால் போதும். பகலிலும் எரிந்தால் சென்சாரின் மூடியைத் துடைத்துப் பாருங்கள், அழுக்குதான் பெரும்பாலும் காரணம்.

அறிகுறி: விளக்கு என்னுடையது அல்ல

என் ஜன்னலுக்கு எதிரே ஒரு கிடங்கின் ஃபோகஸ் லைட் நெடுநாள் எரிந்தது. நான் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. பிறகு ஒரு மாலை அங்கே காவலுக்கு இருந்தவரிடம் போய், உள்ளங்கைச் சோதனையைச் செய்து காட்டினேன். வாசல் பக்கம் தனக்கு எதுவுமே தெரிவதில்லை என்று அவரே சொன்னார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து விளக்கைக் கீழே திருப்ப சில நிமிடங்கள்தான் ஆயிற்று. அன்றிலிருந்து நான் யாரிடமும் "உங்கள் விளக்கு எனக்குத் தொல்லை" என்று தொடங்குவதில்லை. "உங்கள் விளக்கு உங்களுக்கே சரியாக வேலை செய்யவில்லை, வாருங்கள் காட்டுகிறேன்" என்று கூப்பிடுகிறேன். இரவில், அந்த இடத்திலேயே, முகம் பார்த்துப் பேசுங்கள். தகட்டு மூடியின் செலவை ஏற்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள்.

"வெளிச்சம் குறைந்தால் திருட்டு கூடுமே" என்ற பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளில் தெருவிளக்குகளை அணைத்ததும் மங்கலாக்கியதும் விபத்தையோ குற்றத்தையோ கூட்டியதற்குச் சான்று இல்லை என்று 2015-இல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லா இடத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அணைக்கச் சொல்வதைவிடத் திருப்பச் சொல்வது எளிதில் ஒப்புக்கொள்ளப்படும்.

தெருவிளக்கு என்றால் கம்பத்தின் எண், தலையணையிலிருந்து எடுத்த போட்டோ, "வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு வேண்டும்" என்ற ஒரே கோரிக்கை, இவை போதும். விளக்கையே எடுங்கள் என்று கேட்டால் மனு நகராது. கடைகள், அலுவலகங்கள் விஷயத்தில் விதி கேட்க முன்மாதிரி உண்டு. பிரான்சில் 2013 ஜூலை முதல் கட்டட முகப்பு விளக்குகளையும் கடைக் காட்சி ஜன்னல்களையும் அதிகபட்சம் இரவு ஒரு மணிக்குள் அணைக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் தன் வானாய்வகத்துக்காக 1958-இலேயே தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தியது. 2001-இல் உலகின் முதல் இருள்வான் நகரமாக அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு விளக்கைச் சரிசெய்த பிறகும் நோட்டில் தேதி எழுதுங்கள். அடுத்த அமாவாசையையொட்டி வானம் தெளிவாக இருக்கும் ஓர் இரவில், அதே இடத்தில், அதே 20 நிமிடம் காத்திருந்து மறுபடி அத்திரியைத் தேடுங்கள். தெரிந்தால் அடுத்து அருந்ததி.